ஓட்டு வீட்டை இடிப்பதற்கு முன்

மே மாதக் கடைசியில் தாதரிலிருந்து தாணே வரை மின்சார ரயிலில் போகிறவர்கள் கொஞ்சம் தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். மாட்டுங்கா, சயான், காட்கோபர், முலுண்டு என்று எந்த ஸ்டேஷனைத் தாண்டினாலும் நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். வசதியுள்ள சொசைட்டி மொட்டை மாடியில் இரும்புத் தூண் நிறுத்தி, சரிவாகத் தகரம் வேய்ந்து 'பத்ரா ஷெட்' கட்டியிருக்கும். வசதி போதாத சொசைட்டி மூங்கில் கட்டி, அதன்மேல் நீலத் தாட்பத்ரியை இழுத்துப் போர்த்தியிருக்கும். எதுவானாலும் தொப்பியின் வடிவம் ஒன்றுதான். நடுவில் உயரம், பக்கங்களில் சரிவு. நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரை எப்படி இருந்ததோ, அப்படி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கே தட்டையான காங்கிரீட் தளத்தின்மேல் சரிவுக் கூரை போடுவதற்கு ஜெனரல் பாடி மீட்டிங்கில் கையைத் தூக்கிவிட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறோம். அதே மாதம் ஊருக்கும் பணம் அனுப்பி, அங்கே இருக்கிற சரிவுக் கூரையை இடித்துத் தட்டையாகத் தளம் போடச் சொல்கிறோம். இரண்டு செலவும் ஒரே குடும்பத்தின் பையிலிருந்துதான் போகிறது.

இதை வெளியாளாக நின்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே போன தீபாவளியிலிருந்து இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. மூன்று கட்டு, நடுவில் முற்றம், மேலே சீமை ஓடு. அண்ணனும் மதினியும் அங்கே இருக்கிறார்கள். தம்பி கோயம்புத்தூரில். நான் இங்கே. "இடிச்சுட்டுத் தார்சு போட்டுருவோம். நீ என்ன சொல்லுத?" என்று அண்ணன் போனில் கேட்டார். "ஓட்டு வீடுதானே அண்ணே அழகு, இடிக்க வேண்டாமே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அழகெல்லாம் உனக்கு. ஏணி எனக்கு."

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கு நியாயமாக ஒரு மறுமொழி சொல்ல வேண்டும் என்றுதான் நாலு பேரிடம் கேட்டு, படித்து, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு ஊரில் இப்படி ஒரு வீடோ, வீட்டில் ஒரு பங்கோ இருக்கும். ஆகவே எனக்குத் தெரிய வந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பத்து அடிக்கு எவ்வளவு சரிவு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சுவரிலிருந்து கூரையின் முகடு வரை 10 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். சீமை ஓடு போட வேண்டுமானால் சாதாரணமாக 30 டிகிரி சாய்வு கொடுப்பார்கள். அப்படியென்றால் அந்த 10 அடிக்குள் கூரை ஏறக்குறைய 5¾ அடி உயர்ந்துவிடும். தட்டைத் தளமும் முழுக்கத் தட்டை இல்லை. தண்ணீர் வடிய அதற்கும் 100-க்கு 1 என்ற அளவில் வாட்டம் கொடுப்பார்கள். அதே 10 அடிக்கு அது 1¼ அங்குலம்தான்.

இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தளம் போடும்போது கொத்தனார் அரை அங்குலம் தவறினால், தட்டைத் தளத்தில் ஒரு குளம் உண்டாகிவிடும். ஓட்டுக் கூரையில் தச்சர் அரை அங்குலம் தவறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மழைத் தண்ணீர் தன் எடையாலேயே ஓடிவிடும்.

ஓடு தண்ணீர் புகாத பொருள் என்று நாம் நினைப்பது தவறு. அது சுட்ட களிமண். தண்ணீரில் ஊறவைத்தால் தாராளமாகக் குடிக்கும். ஆனால் சரிவில் படுத்திருக்கும் ஓட்டின்மேல் விழுந்த தண்ணீர், ஊறுவதற்குள் அடுத்த ஓட்டுக்குப் போய்விடுகிறது. மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு பக்க விளிம்பில் பள்ளம், மறுபக்க விளிம்பில் அந்தப் பள்ளத்தில் பொருந்தும் மேடு. அடியில் ரீப்பரைப் பிடித்துக்கொள்ள ஒரு மூக்கு. ஆணியும் இல்லை, பூச்சும் இல்லை. ஓடு உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு. ஒன்று கெட்டால் மிச்சம் 139 தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

சாய்வைக் குறைத்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் இடுக்கு வழியே மேல்நோக்கி ஏறி உள்ளே ஒழுகும். மிகவும் கூட்டினால் ஓடு சறுக்கும், கம்பி போட்டுக் கட்ட வேண்டும். 30 டிகிரி என்பது யாரோ கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்த அளவு அல்ல.

காங்கிரீட் தளத்தின் கதை வேறு. பகல் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். வருஷக் கணக்கில் இப்படி நடந்தால் மேற்பரப்பில் மயிரிழை போல வெடிப்பு வரும். தண்ணீர் ஓடிவிட்டால் அந்த வெடிப்பால் பெரிய கெடுதல் இல்லை. தேங்கி நின்றால் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கீழே இருக்கும் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். மேல்மாடி வீட்டில் படுக்கை அறைக் கூரையிலிருந்து பிளாஸ்டர் பாளம் பாளமாக விழுவதற்குக் காரணம் இதுதான்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலே மாதத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை நம்மில் பலர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து அனுபவித்திருக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் தளத்தின்மேல் செங்கல் துண்டு பதித்து 'பிரிக்பேட் கோபா' போடுகிறோம். அது வெடித்ததும் அதன்மேல் தார் ஷீட், அதற்குமேல் ரசாயனப் பூச்சு. ஒவ்வொரு தடவையும் காண்டிராக்டர் பல வருஷ காரண்டி கொடுக்கிறார். கடைசியில் பத்ரா ஷெட்டில் வந்து நிற்கிறோம். பழைய சாள்களுக்கு மங்களூர் ஓடு போட்ட மனிதர்கள் தொடங்கிய இடத்துக்கே சுற்றி வந்து சேர்ந்திருக்கிறோம்.

சொல்ல மறந்துவிடக் கூடாத ஒன்று: "ஒழுகுவது மேல்மாடி வீட்டில்தானே, அவரே ஷெட் போட்டுக்கொள்ளட்டும்" என்று மீட்டிங்கில் வாதிடுகிறவர்கள் உண்டு. மகாராஷ்டிர வீட்டுவசதி சங்கங்களுக்கான மாதிரி பைலாவின்படி, மொட்டை மாடி வழியாக வரும் மழைக் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் பொதுச் செலவு. விலை குறைவு என்று மேல்மாடி வாங்கிய நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பழையது என்பதால் அல்ல

இந்த இடத்தில் சிலர், "பார்த்தீர்களா, நம் முன்னோர்களின் அறிவு!" என்று கையைத் தட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டுச் சீமை ஓடு அப்படியொன்றும் ஆதிகாலத்துச் சரக்கு அல்ல. பெயரிலேயே சீமை இருக்கிறது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர் பிளெப்ஸ்ட் என்பவர், நேத்ராவதி, குருபுரா ஆற்றங்கரைக் களிமண் ஓட்டுக்கு ஏற்றது என்று கண்டு, 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கினார். அச்சில் அழுத்தி, ஒரே அளவில், ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்த ஓடு அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. மிஷன் பெயர் பொறித்த ஓடுகளைப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் நம் ஊரில் இருந்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய் போல வனைந்து, நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து சுட்டது. ஒன்றை மல்லாத்தி, அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து அடுக்குவார்கள். அதற்கும் முன்னால் பனை ஓலை, தென்னங்கீற்று, வைக்கோல், விழல். ஓலையிலிருந்து நாட்டு ஓடு, நாட்டு ஓட்டிலிருந்து சீமை ஓடு என்று நம் தாத்தாக்கள் மாறியபோதும் அது அந்தஸ்துதான். "சீமை ஓடு போட்ட வீடு" என்றால் பெண் கொடுப்பார்கள். இன்று "தார்சு வீடு" என்றால் கொடுக்கிறார்கள். அந்த ஆசையில் தப்பு காண நாம் யார்?

தட்டைக் கூரையும் நமக்கு அந்நியம் இல்லை. மழை குறைந்த ஊர்களில் மெத்தை வீடு எப்போதோ இருந்தது. தேக்குக் கட்டையை வரிசையாகப் போட்டு, அதன்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டிப் போட்ட தளத்தை 'மெட்ராஸ் டெரஸ்' என்றே உலகம் அழைக்கிறது. வற்றல் போட, நெல் காய வைக்க, கோடையில் பாய் விரித்துப் படுக்க அதுதான் வசதி. மேற்குக் கரையில் செங்குத்தான கூரை, வறண்ட சீமையில் மெத்தை என்று மழையைப் பார்த்துத்தான் கூரை போட்டார்கள். மழையைப் பார்க்காமல், பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூரை போடுவது நம் காலத்தில்தான் அதிகமாகிவிட்டது.

அண்ணன் சொன்ன குறைகள்

இனி அண்ணன் பக்கத்துக்கு வருகிறேன். அவர் அடுக்கிய குறைகள் ஒவ்வொன்றும் உண்மை.

மலையடிவாரம் ஆகையால் குரங்குத் தொல்லை. ஒரு கூட்டம் வந்து போனால் இருபது ஓடு நொறுங்கும். முன்பு ஆவணியில் ஓடு மாற்ற ஆசாரி தானாகவே வருவார். இப்போது அவருடைய மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். ஓட்டின்மேல் கால் வைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. தெரியாத ஆள் ஏறினால் மாற்றுவதைவிட அதிகமாக உடைப்பார். கைமரத்தில் கரையான். ஓட்டு இடுக்கில் எலி, எலியைத் தேடிப் பாம்பு. நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனால், ஓட்டைப் பிரித்து இறங்கிவிடுவார்களோ என்ற பயம். அண்ணனுக்கு 67 வயது. முழங்கால் வலி.

இவற்றோடு நானே ஒன்றைச் சேர்க்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது, ஓலைக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் என்ன ஆயின என்பதை எல்லோரும் பார்த்தோம். புயல் காற்று கூரையை அமுக்குவதில்லை. மேலே உறிஞ்சித் தூக்கும். பாரமில்லாத கூரை அதற்குச் சுலபமான இரை. டெல்டா கடற்கரையில் வீடு உள்ளவர்கள் காங்கிரீட் தளம் போட்டுக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே ஓட்டுக் கூரை வைக்க வேண்டுமானால், இரண்டு பக்கச் சரிவைவிட நான்கு பக்கமும் சரிவு உள்ள கூரை காற்றை நன்றாகத் தாங்கும். கூரை ஓரம் சுவரைத் தாண்டி அதிகம் நீளக் கூடாது. கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் இறுக்க வேண்டும்.

ஆகவே, "ஓட்டு வீடு ஒழுகவே ஒழுகாது, குளுகுளு என்று இருக்கும்" என்று மும்பையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவது நேர்மை ஆகாது. நடுப்பகலில் ஓடும் சுடத்தான் செய்யும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஓடு மெல்லியது. பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். சூடான காற்று முகட்டுக்கு ஏறி ஓட்டு இடுக்கு வழியே வெளியேறும். நாலைந்து அங்குலக் காங்கிரீட் பகல் முழுவதும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் கீழே இறக்கும். மின்சாரம் போன சித்திரை மாத இரவில் இந்த வித்தியாசம் யாரும் சொல்லாமலே புரியும்.

இடித்தால் என்ன ஆகும்?

அண்ணன் முதலில் நினைத்தது, "சுவர் அப்படியே இருக்கட்டும், கூரையை மட்டும் மாற்றிவிடலாம்" என்பது. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எடையைக் கணக்குப் பார்த்தால் அது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். ஓட்டுக் கூரை, மரத்தோடு சேர்த்து ஒரு சதுர அடிக்குச் சுமார் 6 கிலோ. 4 அங்குலக் காங்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்குச் சுமார் 24 கிலோ. அதற்குமேல் தட்டோடும் சுண்ணாம்பு ஜல்லியும் வேறு. மண் சாந்தில் கட்டிய பழைய சுவரும், ஆழம் குறைந்த அஸ்திவாரமும் நாலு மடங்குக்கு மேலான பாரத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. ஆகவே கூரையை மாற்றுவது என்றால் வீட்டையே மாற்றுவது. முதலில் சொல்லப்படும் எஸ்டிமேட் கடைசியில் இரட்டிப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு தவற்றையும் பல வீடுகளில் பார்க்கிறேன். அறைக்குக் குறுக்கே தாழ்வாகப் போகும் உத்திரம் தலையில் இடிக்கிறது, ஃபேன் மாட்ட இடைஞ்சல் என்று அறுத்து எடுத்துவிடுகிறார்கள். சரிவுக் கூரை தன் பாரத்தால் இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அந்தக் குறுக்கு உத்திரம். அதை எடுத்தால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் சுவர் பிதுங்கும், முகடு தொய்யும். பிறகு, "பழைய வீடு, அதான் விழப் பார்க்கிறது" என்பார்கள்.

இடித்த பிறகு பழைய சாமான் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். வைரம் பாய்ந்த பனங்கை, தேக்குத் தூண், கதவு, நிலை, ஓடு எல்லாம் மொத்தமாக ஒரு விலைக்குப் பேசி லாரியில் ஏறும். காரைக்குடியில் பழம்பொருள் கடைத் தெருவே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றை வாங்கிப் போகிறவர்கள் ஓட்டல்காரர்களும் ரிசார்ட்காரர்களும். நாம் விறகு விலைக்கு விற்ற கூரையின் கீழே ஒரு இரவு படுக்க, நம் பிள்ளைகள் ஆன்லைனில் பணம் கட்டி ரூம் போடுகிறார்கள்.

என் யோசனைகள்

எல்லோரும் ஓட்டு வீட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு எடுக்கும் முன் சிலவற்றை யோசிக்கலாம் என்கிறேன்.

முதலாவது, வெட்கத்தால் இடிக்க வேண்டாம். "பம்பாயில் இருக்கிறான், வீடு இன்னும் ஓடுதான்" என்று ஊரில் யாராவது சொல்வார்களே என்பதற்காகப் பல லட்சம் செலவழிப்பது வீண். கூரை உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒருவரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒழுகுவது இரண்டு சரிவு சேரும் கூடுவாயில்தான். அங்கே உள்ள தகரம் ஓட்டையாகியிருக்கும். அல்லது முகட்டு ஓட்டின் சாந்து விட்டிருக்கும். முழுக் கூரைக்குத் தண்டனை கொடுக்க வேண்டிய குற்றம் அல்ல அது.

இரண்டாவது, மரம் கெட்டிருந்தால் மரத்தை மட்டும் மாற்றலாம். இரும்புக் குழாயில் கைமரமும் ரீப்பரும் போட்டு, பழைய ஓட்டையே திரும்ப வேயலாம். கரையான் தொல்லை அதோடு தீரும். குரங்கு உள்ள ஊரில் ஓட்டைக் கம்பியால் கட்டலாம். ஓட்டுக்கு அடியில் சீலிங் ஓடு என்ற இரண்டாவது அடுக்குப் போட்டால், நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். தூசியும் எலியும் நேராக அறைக்குள் விழாது.

மூன்றாவது, புதிதாகக் கட்டியே தீர வேண்டும் என்றால் இன்ஜினீயரிடம் சரிவைப் பற்றிப் பேசுங்கள். கேரளத்தில் பலர் காங்கிரீட்டையே சரிவாக வார்த்து அதன்மேல் ஓடு பதிக்கிறார்கள். செலவு கூடுதல்தான், ஆனால் திருடனும் குரங்கும் வர முடியாது, தண்ணீரும் நிற்காது. பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இன்னொரு வழியைப் பரப்பினார். காங்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு இடையே உள்ள காங்கிரீட் அதிகம் உழைப்பதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தால் சிமெண்டும் குறையும், பாரமும் குறையும். இடித்த வீட்டின் ஓடு புது வீட்டின் தளத்துக்குள்ளேயே போய்ச் சேரும். தட்டைத் தளமே போதும் என்பவர்கள், 100-க்கு 1 என்ற வாட்டத்தைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, இதுதான் எனக்கே நான் சொல்லிக்கொள்வது. ஊரை விட்டு வெளியே இருக்கும் நாம், ஊர் வீடு மாறாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். வருஷத்தில் பத்து நாள் போய் முற்றத்தில் மழையைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். மீதி 355 நாளும் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பது மதினி. ஓட்டு வீடு வேண்டும் என்று சொல்கிறவர் ஓடு மாற்றும் கூலியிலும் பங்கு கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காதவருக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. பங்கு வீடுகளில் சண்டை வருவதும், யாரும் கவனிக்காமல் கூரை விழுவதும் இதனால்தான். வீடு அண்ணன் தம்பிகள் பேரில் பொதுவாக இருக்கிறது. ஏணி மட்டும் ஊரில் இருக்கிறவர் பேரில் இருக்கிறது.

போன பொங்கலுக்கு மூன்று பேரும் ஊரில் உட்கார்ந்து பேசினோம். முன் கட்டும் நடுக்கட்டும் ஓடாகவே இருக்கும். நடுக்கட்டில் செல்லரித்த கைமரங்களுக்குப் பதில் இரும்பு போடுவது. பின்கட்டை மட்டும் இடித்துவிட்டு, வெஸ்டர்ன் கழிப்பறையோடு ஒரு படுக்கை அறையும் சமையலறையும் காங்கிரீட் தளத்தில் கட்டுவது. மதினி வற்றல் போட அந்தத் தளம் உதவும். பூட்டிவிட்டுப் போக வேண்டிய நாட்களில் சாமான்களை அந்த அறையில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். வருஷா வருஷம் ஓடு மாற்றும் செலவு தம்பிக்கும் எனக்கும். அண்ணன் ஒரு பைசாவும் போட வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம்.

எல்லாம் பேசி முடித்த பிறகு அண்ணன் கேட்டார்: "பணம் நீங்க அனுப்புவிய. வாறவன் ஓட்டை மிதிச்சு உடைக்காம பாக்குறது யாரு?"

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆவணியில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கப் போவது நான்தான்.